பிரதம அதிதிகளுக்கு ஒரு பிரேம் கடைக்காரனின் மடல்

மட்டக்களப்பில் கண்காட்சி, கலைவிழா, பரிசளிப்பு, நூல் வெளியீடு என்று எது நடந்தாலும் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றி வைக்கும் பிரதம அதிதிகளுக்கும், அவர்களைத் தொடர்ந்து மற்றத் திரிகளை ஏற்றும் சிறப்பு, கௌரவ, விசேட அதிதிகளுக்கும் வணக்கம்.

நான் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவன். சட்டம் என்றதும் யோசிக்க வேண்டாம். உங்கள் மேசையில் இருக்கிற சட்டம் வேறு, என்னுடையது மரச்சட்டம். எங்கள் ஊர்க் கூத்துக்காரருக்குச் சட்டம் என்றால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பாட்டுக் கொப்பி. ஒரு சொல், மூன்று பொருள். இந்த மடலில் மூன்றும் வரும்.

திருமலை வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் 27 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கலியாணப் போட்டோ, பட்டமளிப்புப் போட்டோ, பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், சாமிப்படம், பிறகு மாலை போடுவதற்காக அவசரமாகப் பெரிதாக்கின போட்டோ. கடைசியாகச் சொன்னதுதான் கனகாலம் எனக்குச் சோறு போட்டது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. 2004 டிசம்பருக்குப் பிறகு மூன்று மாதம் எனக்கு வேறு வேலையே வரவில்லை. நனைந்து ஊறின போட்டோவில் ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் மிஞ்சியிருக்கும். அதையும் கொண்டுவந்து "இதுக்கு ஒரு பிரேம் போடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் கடையின் முன்னறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, நாலு விளக்குப் பொருத்தி அதை ஓவியக் கலரி ஆக்கினேன். 14 அடிக்கு 18 அடி. பெரிய இடம் இல்லை. உள்ளே வரக் காசில்லை. சுவரில் இருக்கிற படங்கள் விற்பனைக்கு. பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் பார்த்துவிட்டுப் போகலாம், துணிக்கடை மாதிரித்தான். இவ்வளவையும் ஊருக்கு விளங்கப்படுத்தத்தான் மூன்று வருடமாகப் பாடுபடுகிறேன். "கண்காட்சிதானே, ஏன் விலை போட்டிருக்கு?" என்று கேட்கிறவர் ஒருபக்கம். "இது என்ன, கடையா கண்காட்சியா?" என்பவர் மறுபக்கம். இரண்டும்தான் ஐயா.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் அங்கே ஓர் இளம் ஓவியரின் முதலாவது தனிக் கண்காட்சி நடந்தது. ஓவியர் என்று எழுதுகிறேன், வாயில் மகள் என்றுதான் வரும். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பிள்ளை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் ரியூசனுக்குப் ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறி ஆறு கடந்து வந்தவர். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து, இப்போது ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறார். இரவில் வரைகிறார்.

16 படங்கள். எல்லாவற்றிலும் கதிரை. ராசாக்களின் சிம்மாசனமோ தேக்கங்கதிரையோ இல்லை, நாம் எல்லோரும் உட்கார்ந்து எழும்பின வாடகைப் பிளாஸ்டிக் கதிரை. சிவப்பு, நீலம், பச்சை. முதுகில் வாடகைக் கடைக்காரர் வெள்ளைப் பெயின்டால் எழுதின இரண்டு எழுத்து. காலையில் கலியாண வீட்டில் இருந்த கதிரை பின்னேரம் செத்தவீட்டில் இருக்கும், அடுத்தநாள் நிவாரணம் கொடுக்கிற கூட்டத்தில் இருக்கும். நாம்தான் உடுப்பு மாற்றிக்கொண்டு போவோம், கதிரைக்கு அந்த வசதி இல்லை. ஒரு படத்தில் மழைக்குள் அடுக்கிவைத்த கதிரைகள், மேல் கதிரையில் தேங்கின தண்ணீரில் ஒரு பூவரசம் இலை. இன்னொன்றில் நாலு கதிரையை நெருக்கிப் போட்டு அதில் ஒரு குழந்தை நித்திரை. பக்கத்தில் யாரும் இல்லை, ஒரு சேலைத் தலைப்பு மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

11ஆம் இலக்கப் படத்தில் கால் உடைந்த கதிரையைக் கயிற்றால் கட்டி, அதில் ஒரு மனுசி தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார். முகம் வரையப்படவில்லை. கதிரையும், மடியில் வைத்திருக்கிற போட்டோவும்தான் படம். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக உட்காருகிற தாய்மார் என்று பார்த்தவுடனேயே யாருக்கும் விளங்கும். எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அந்தப் போட்டோவின் சட்டத்துக்கு மூலையில் ஒரு தங்க நிறப் பூ இருக்கிறது. அந்தப் பூ ஒரு காலத்தில் என் கடைக்கு வந்த சாமான். இரண்டு பெட்டி மட்டும் வந்தது, பிறகு வரவில்லை. நான் அடித்துக் கொடுத்த சட்டம் அது. யாருக்கு அடித்தேன் என்று நினைவில்லை. படத்தை மாட்ட ஏறின ஏணியில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

இனி 9ஆம் இலக்கம். ஒரு பந்தல். முன்வரிசையில் வெள்ளைத்துணி போர்த்தி, முதுகில் நீல ரிபன் கட்டின ஒரே ஒரு கதிரை. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடைசி இரண்டு வரிசைக்குப் பந்தல் காணாது, வெயில். ஒரு பிள்ளை தூங்கி விழுகிறது, ஒன்று சப்பாத்தைக் கழற்றி வைத்திருக்கிறது. வெள்ளைத்துணிக் கதிரை காலி. படத்தின் பெயர் ‘இன்னும் வரவில்லை’. விலை 45,000 ரூபா.

தொடக்கவிழா பின்னேரம் 4 மணிக்கு. உங்களில் ஒருவர்தான் பிரதம அதிதி. பெயரும் பதவியும் சொல்லமாட்டேன். சொல்லாமலே நாலைந்து பேர் ‘என்னைத்தான் எழுதுகிறான்’ என்று நினைப்பீர்கள். அந்த நாலைந்து பேருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

ஐயா, நீங்கள் வந்தது 5.40க்கு. அதுவரை 40 வாடகைக் கதிரையில் சனம் உட்கார்ந்திருந்தது. 14 அடி அறைக்குள் 40 கதிரை போட்டால் என்ன நடக்கும்? மைக் இருக்கிற பக்கம் பார்த்து உட்கார வேண்டும், ஆகவே மற்ற மூன்று சுவருக்கும் முதுகு. கதிரைப் படங்களைக் கதிரைகள் மறைத்துவிட்டன. பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் படங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தார்கள். பிறகு விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, மௌன இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை இரண்டு, சிறப்புரை, உங்கள் உரை. ஓவியருக்கு ஏற்புரைக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. அதிலும் இரண்டு நிமிடம் உங்களுக்கு நன்றி சொல்லிப் போனது.

உரையில் ‘இவை விலைமதிக்க முடியாத படைப்புகள்’ என்றீர்கள். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். விலைப்பட்டியல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

மறுகா நடந்ததைச் சொல்கிறேன். அறிவிப்புச் செய்தவர் ஓவியரின் பெரியப்பா, ஓய்வுபெற்ற அதிபர். நல்ல மனிதர், பழைய ஆள். அதிதியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அவருடைய கணக்கு. என் காதுக்குள் வந்து "எது கொஞ்சம் பெரிசு?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முதல் மைக்குக்குப் பக்கத்தில் இருந்த 9ஆம் இலக்கத்தைக் கழற்றிவிட்டார். ஓவியர் இரண்டு கையாலும் பிடித்து உங்களிடம் நீட்ட, நீங்கள் வாங்க, கமரா மின்ன, அடுத்தநாள் முகநூலில் வந்தது. படத்தைப் பார்த்து ‘வெண்மை சமாதானத்தின் நிறம்’ என்று ஒரு நிமிடம் பேசினீர்கள். உங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

இதில் என் பிழையும் உண்டு. அன்று காலை 8 மணிக்கு ஒரு தாதி வந்தார். இரவு வேலை முடித்து, சீருடைக்கு மேல் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கிறுகி வந்து 9க்கு முன்னால் நின்றார். "பள்ளிக்கூடத்தில இப்படித்தான் ஒருக்கா மயங்கி விழுந்தனான்" என்று சிரித்தார். மாதம் 15,000 படி மூன்று தவணையில் தரலாமா என்று கேட்டார். முதல் தவணையைத் தந்துவிட்டும் போனார். விற்ற படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள வழக்கம். பொட்டு வைத்தால் பேசி முடித்தாயிற்று, மற்றவர் கேட்கக் கூடாது. நான் ஒட்டவில்லை. தொடக்கவிழாவுக்கு முன்னமே பொட்டைக் கண்டால் வருகிறவர்கள் ‘நல்லது போயிற்று’ என்று நினைப்பார்களே என்று என் வியாபாரப் புத்தி. ஓவியருக்கும் சொல்லவில்லை, இரவு சொல்லிச் சந்தோசப்படுத்தலாம் என்றிருந்தேன். அடுத்தநாள் தாதி வந்தபோது 15,000 ரூபாவையும் திருப்பிக் கொடுத்தேன். "பரவாயில்லை அண்ணன், பெரிய ஆள்தானே வைச்சிருக்கிறார்" என்றார். வேறு படம் காட்டினேன். வேண்டாம் என்றுவிட்டார்.

நீங்கள் கேட்டு வாங்கவில்லை, உண்மைதான். நாங்கள்தான் நீட்டினோம். ஆனால் ஐயா, நீட்டுகிற பக்கத்தில் இருப்பவருக்கு மறுக்க வழியில்லை. வாங்குகிற பக்கத்தில் இருப்பவர்தான் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம்.

அந்த 45,000 ரூபா யாருக்குப் போகும் என்று யோசித்திருக்கிறீர்களா? கலரிக்காரன் சுருட்டிக்கொள்வான் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது, அதையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வெளிநாடுகளில் பல கலரிகள் விற்ற விலையில் பாதியை எடுக்கும். நான் எடுப்பது 30 வீதம், 13,500. அதில் வாடகை, மின்சாரம், கடைப் பையனின் சம்பளம். ஓவியர் கைக்கு 31,500. அக்ரிலிக் பெயின்டுக்கும் உள்சட்டத்துக்கும் அவர் செலவழித்தது 9,000. என்னிடம் பிரேம் போட்டது அடக்க விலைக்கு 6,000. மிச்சம் 16,500. ஐந்து கிழமை இரவுகளுக்கு அவ்வளவுதான் கூலி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறினபோது பெயின்டும் தூரிகையும் அதோடு சேர்ந்து ஏறின. இவை எல்லாம் இறக்குமதிச் சாமான். கன்வஸ் வாங்க வழியில்லாமல் அவர் மா பைகளைப் பிரித்துத் தைத்து, பசை பூசி வரைந்த படங்களும் அந்த 16இல் இருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் பெயின்டுக்கு அடியில் மா ஆலையின் முத்திரை மங்கலாகத் தெரியும். கிட்டப் போகத்தான் நேரமில்லை.

இனித் தொடக்கவிழாவின் கணக்கு. அழைப்பிதழ் 6,000, பெனர் 4,500, சவுண்ட்ஸ் 8,000, கதிரை 2,000, நாலு பொன்னாடை 7,000, மாலை 3,000, ரோல்ஸும் பற்றிஸும் தேநீரும் 7,500. மொத்தம் 38,000. இது முழுக்க ஓவியரின் கைக்காசு, அவர் என்னிடம் வாங்கின கடனும் உட்பட. கண்காட்சி முடியும்போது ஐந்து படம் விற்றிருந்தது. ஏறக்குறைய இதே விலைதான். உங்களை அழைத்த செலவுக்கு அதில் இரண்டு படத்தின் கூலி போய், மூன்றாவதிலும் கொஞ்சம் போயிற்று. உங்களுக்குக் கொடுத்த படத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

பெரியப்பா இதை மரபு என்றார். மரபு என்றால் நான் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊர்களில் வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, சட்டம் கொடுத்து மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு என்கிற ஒத்திகை பார்த்து, ஊர் கூடி அரங்கேற்றுவார்கள். அண்ணாவியாருக்கு வேட்டியும் பணமும் வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார்கள். அரங்கேற்றம் முடிந்த பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். அந்தந்த வீட்டார் தங்களால் முடிந்ததைக் கொடுப்பார்கள். நெல் கொடுக்கிறவர் நெல், காசு கொடுக்கிறவர் காசு. ஆடினவனிடமிருந்து பார்த்தவன் பரிசு வாங்கிக்கொண்டு போன கூத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை. கொப்பியின் பிரதி ஒன்றை ஊர்ப் பெரியவருக்கு அன்பளிப்புச் செய்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. இந்தத் தலைகீழ் வழக்கம் எங்கே, எப்போது தொடங்கியது? பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் அதிதிக்கு நினைவுச் சின்னம் கொடுக்கிற பழக்கம் அப்படியே கண்காட்சிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். பாடசாலை கொடுக்கிறது கண்ணாடிப் பேழையில் ஒரு பித்தளைத் தகடு. நம்மிடம் வாங்குவது ஒருவருடைய ஐந்து கிழமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் பழைய கதை. 1943இல் கொழும்பில் சில ஓவியர்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் போன்றவர்கள். இன்று இலங்கையின் நவீன ஓவியம் என்று வெளிநாட்டார் பேசினால் ‘43 குழு’வில்தான் தொடங்குவார்கள். அவர்கள் கூடினது ஒரு மண்டபத்தில் இல்லை, லயனல் வென்ட் என்பவருடைய வீட்டில். அவர் போட்டோக் கலைஞர், பியானோ வாசிப்பவர். அவர் அடுத்த வருடமே இறந்துபோனார். குழுவில் இருந்த ஹரி பீரிஸ் பிறகு தன்னுடைய வீட்டையே அந்தப் படங்களுக்கான இடமாக விட்டுப்போனார். பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. நான் ஒருமுறை போயிருக்கிறேன். படங்களைவிடப் பிரேம்களைத்தான் அதிகம் பார்த்தேன், தொழில் புத்தி. அந்த ஓவியர்களுக்கு அமைந்தது வீட்டைத் திறந்துவிட்ட நாலு பேர், படம் வாங்கிச் சுவரில் மாட்டின பத்துப் பேர். நமக்கு வீடு திறக்க வேண்டாம். சுவர் போதும்.

சுவர் என்றால் உங்கள் எல்லோரிடமும் நிறைய இருக்கிறது. அலுவலக வரவேற்பறை, கூட்ட மண்டபம், வங்கிக் கிளை, பாசிக்குடாவிலும் கல்லடியிலும் எழும்பின ஹோட்டல்களின் அறைகள், திருமண மண்டபங்கள். அங்கெல்லாம் என்ன தொங்குகிறது என்று எனக்குத் தெரியும், பாதிக்குப் பிரேம் போட்டவன் நான்தான். சுவிட்சர்லாந்து மலை. இலையுதிர்காலத்துச் சிவப்பு மரம். எட்டுக் குதிரை. உள்ளே விளக்கெரிந்து தண்ணீர் ஓடுகிற மாதிரிக் காட்டுகிற நீர்வீழ்ச்சி, மூலையில் மணிக்கூட்டோடு. யன்னல் திறந்தால் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவி, உள்ளே சுவரில் பிளெக்ஸில் அடித்த வெளிநாட்டு ஏரி. அச்சுப்படத்தை நான் இளக்காரம் பண்ணவில்லை. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டுச் சாமிப்படங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்ததால்தான் என்னைப் போன்றவனுக்குத் தொழிலே வந்தது. லட்சுமியும் சரஸ்வதியும் வராவிட்டால் நம் வீட்டுச் சுவருக்கு ஆணியே தேவைப்பட்டிருக்காது. ஆனால் 130 வருடமாகியும் அச்சுக்கு அடுத்த படி ஏறவில்லையே என்றுதான் கவலை.

போன வருடம் ஒரு ஹோட்டல்காரர் என் கலரியில் ஒரு வாவிப் படத்தை விரும்பிப் பார்த்தார். விலை 60,000. போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவருடைய ஹோட்டலிலிருந்து 12 பிரேமுக்கு ஓடர் வந்தது. போய்ப் பார்த்தால் 12 அறைக்கும் அதே வாவிப் படம், பிளெக்ஸ் அச்சில். அந்த ஓடரை நான் செய்யவில்லை. (நட்டம்தான். வீட்டில் ஏச்சும் விழுந்தது.) 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. படத்தைக் காசு கொடுத்து வாங்கினாலும் படம்தான் உங்களுடையது. அதைப் பிரதி எடுக்கிற உரிமை, ஓவியர் எழுதிக் கொடுத்தாலொழிய, அவரிடமே இருக்கும். அவர் உயிரோடு இருக்கிற காலம் முழுக்கவும், இறந்த பிறகு 70 வருடத்துக்கும் இருக்கும். அந்த ஹோட்டல்காரர் காசு கொடுத்து வாங்கக்கூட இல்லை. மூன்றாவது சட்டமும் வந்துவிட்டது.

இங்கே வரைகிறவர்கள் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வாசுகி ஜெயசங்கர், சுசிமன் நிர்மலவாசன் போன்றவர்கள் மட்டக்களப்பில் இருந்துகொண்டே வரைகிறவர்கள். ஒவ்வொரு வருடமும் கல்லடியிலிருந்து பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். அவர்களுக்குச் சந்தை கொழும்பில்தான். 1993இல் தொடங்கின ‘கலா பொல’வுக்குப் படங்களைச் சீலையில் சுற்றிக்கொண்டு உதயதேவி ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போவார்கள். கொழும்பு 7இல் மரத்தடியில் வைத்து விற்கிற ஓவியச் சந்தை அது, பொல என்றால் சிங்களத்தில் சந்தைதான். அங்கே யாரும் விலை கேட்க வெட்கப்படுவதில்லை. பேரம் பேசுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த ஓவியரும் ஒருமுறை போய் மூன்று படம் விற்றார். வாங்கினவர்களில் ஒருவர் ஆரையம்பதியில் பிறந்து கொழும்பில் இருக்கிறவராம். ஊரில் கண்டிருந்தால் வாங்கியிருப்பீர்களா என்று ஓவியர் கேட்டிருக்கிறார். "ஊரில ஆர், மகள், படம் விக்கிற?" என்றாராம்.

அதனால் என் கோரிக்கை பெரியது இல்லை. அழைப்பு வந்தால் வாருங்கள். உங்கள் வரவு தேவையில்லை என்று சொல்ல நான் யார்? நீங்கள் வந்தால் இன்னும் இருபது பேர் வருவார்கள், அதுவும் உண்மை. ஆனால் விளக்கும் பொன்னாடையும் வேண்டாம் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் பெரியப்பாக்கள் கேட்கமாட்டார்கள். பேச வேண்டுமென்றால் பேசுங்கள், படத்தைச் சுற்றிப் பார்த்த பிறகு. யாராவது சுவரில் இருந்து படத்தைக் கழற்றி உங்கள் கையில் தர வந்தால், மைக்குக்கு முன்னாலேயே, எல்லோருக்கும் கேட்க, "இது என்ன விலை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மூன்று சொல் போதும். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. பெரிய மனிதர் ஒருவர் விலை கேட்டார் என்றால் பின்வரிசையில் இருக்கிற ஆசிரியரும் வங்கி எழுதுவினைஞரும் அடுத்த தரம் கேட்பார்கள். தவணைக்குத் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

அப்புறம், உங்கள் கையில் கட்டட ஒதுக்கீடுகள் இருக்கின்றன. பிரான்ஸில் 1951இலிருந்து ஒரு விதி உண்டு: அரச கட்டடம் கட்டினால் செலவில் ஒரு வீதம் கலைக்கு. பாடசாலைக் கட்டடங்களில் தொடங்கி மற்றவற்றுக்கும் பரவினது. ஒரு வீதம் கேட்க எனக்குத் துணிவில்லை. திறப்புவிழாவுக்குச் செலவழிக்கிற காசில் பாதி போதும். கட்டடம் ஒன்றுக்கு இரண்டு படம் வரும், நீங்கள் இடம் மாறிப் போன பிறகும் அங்கேயே இருக்கும்.

வருகிற மாசியில் அடுத்த கண்காட்சி. மருதமுனைக் கைத்தறி நூல்மிச்சங்களை வைத்துச் செய்கிற ஓர் இளைஞருடைய வேலைகள். தொடக்கவிழா இல்லை. கதிரை இரண்டுதான், வயசானவர்களுக்கு. காலை 9 மணிக்குக் கதவு திறக்கும், யார் முதலில் வருகிறாரோ அவர்தான் பிரதம அதிதி. சிவப்புப் பொட்டு அட்டை இம்முறை என் சட்டைப் பையிலேயே இருக்கும்.

கடைசியாக, 9ஆம் இலக்கப் படம் வைத்திருக்கிற ஐயாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதை உங்கள் அறையில் ஏசிக்கு நேர் கீழே மாட்டியிருப்பதாக அங்கே வேலை செய்கிற ஒருவர் சொன்னார். அது மா பையில் வரைந்த படம், சாதாரணக் கன்வஸ் இல்லை. இரவில் ஏசியை நிறுத்தினதும் வாவிக் காற்றின் ஈரம் ஏறும், காலையில் திரும்பக் காயும். இப்படி ஒரு மாரி போனால் பெயின்ட் செதிலாக எழும்பத் தொடங்கும். எதிர்ச் சுவருக்கு மாற்றினால் போதும், அதுவும் யன்னலுக்கு நேரே இல்லாமல். மரச்சட்டத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்ட வேண்டும், சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போக. நான் வந்து செய்து தருகிறேன், கூலி வேண்டாம். என்ன நேரம் வசதி என்று மட்டும் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
திருமலை வீதி ஒழுங்கைப் பிரேம் கடைக்காரன்